கயிற்றைத் தந்தவர்கள் ஏன் கைவிட்டார்கள்? நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். 1860ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் காலத் தண்டனைச் சட்டத்துக்கு விடைகொடுத்துவிட்டதாக 2023இல் அவையில் பெருமையோடு பேசினீர்கள். சட்டத்தின் பெயர் மாறியது. தூக்குக் கயிறு மாறவில்லை. கும்பல் கொலைக்கும், 18 வயதுக்குட்பட்ட சிறுமியர் மீதான கூட்டு வன்கொடுமைக்கும் மரண தண்டனை விதிக்கலாம் என்று அதன் எல்லையை விரித்தும் இருக்கிறீர்கள். அந்தக் கயிற்றை நமக்குத் தந்த பிரிட்டன் அதை ஏன் கைவிட்டது என்பதை நீங்கள் அறிய வேண்டும் என்றே இதை எழுதுகிறேன்.

லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் ரில்லிங்டன் பிளேஸ் என்றொரு முட்டுச்சந்து. அங்கே 10ஆம் எண் வீட்டின் மேல்தளத்தில் திமோத்தி எவன்ஸ் என்ற வேன் ஓட்டுநர் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர். 1949 டிசம்பரில் தாயும் குழந்தையும் கழுத்து நெரிக்கப்பட்டு, கொல்லைப்புறத்துத் துணி துவைக்கும் அறையில் பிணமாகக் கிடந்தார்கள். போலீசாரிடம் எவன்ஸ் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார். குற்றத்தை ஒப்புக்கொண்டும் வாக்குமூலம் கொடுத்தார். நீதிமன்றத்திலோ, கீழ்த்தளத்தில் குடியிருக்கும் கிறிஸ்டிதான் கொன்றார் என்றார். அந்தக் கிறிஸ்டியே அரசுத் தரப்பின் முக்கிய சாட்சி. போர்க்காலத்தில் போலீஸ் சீருடை அணிந்தவர், நிதானமாகப் பேசத் தெரிந்தவர். யாருடைய பேச்சு எடுபட்டிருக்கும்? 1950 மார்ச் 9 அன்று எவன்ஸைத் தூக்கிலிட்டார்கள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, கிறிஸ்டி காலிசெய்துவிட்டுப் போன சமையலறையில் சுவர்த்தாளைக் கிழித்தபோது, பின்னாலிருந்த மாடத்தில் மூன்று பெண்களின் உடல்கள் இருந்தன. முன்னறைத் தரைப்பலகைக்கு அடியில் கிறிஸ்டியின் மனைவி. தோட்டத்தில் இரண்டு எலும்புக்கூடுகள். அந்த இருவரும் எவன்ஸ் கைதாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே கொல்லப்பட்டவர்கள். 1949இல் அந்த வீட்டைச் சோதனையிட்ட போலீசார் கண்ணில் அவை படவே இல்லை. எவன்ஸின் மனைவியையும் தானே கொன்றதாகக் கிறிஸ்டி ஒப்புக்கொண்டார்.

அதன் பிறகாவது அரசு தலைகுனிந்ததா? அவசர அவசரமாக ஒரு விசாரணை நடத்தி, எவன்ஸ் குற்றவாளிதான் என்று மறுபடியும் சொன்னது. 1966இல்தான் அவருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. என்னை மிகவும் உலுக்கியது இந்தப் பகுதிதான்.

எவன்ஸின் கருணை மனுவை நிராகரித்த உள்துறை அமைச்சர் சூட்டர் ஈட். அவரே 1955இல் நாடாளுமன்றத்தில் எழுந்து, சட்டம் தன் வழியே செல்லட்டும் என்று அந்தக் கோப்பில் எழுதியவன் நான்தான் என்று சொல்லி, தூக்குக்கு எதிராகப் பேசினார். பதவியில் இருந்தபோது தூக்கை ஆதரித்த மனிதர் அவர். இப்படி ஒரு பேச்சை நம் அவையில் கேட்க மாட்டோமா என்று ஏங்குகிறேன்.

1953 ஜனவரியில் டெரக் பென்ட்லி என்ற 19 வயது இளைஞரைத் தூக்கிலிட்டார்கள். போலீஸ்காரரைச் சுட்டது அவருடைய 16 வயதுக் கூட்டாளி. அப்போது பென்ட்லி போலீசார் பிடியில் இருந்தார். கருணை காட்டும்படி ஜூரிகளே பரிந்துரைத்தும் பயனில்லை. அந்தத் தீர்ப்பு 1998இல் ரத்தானது.

சிட்னி சில்வர்மேன் என்ற உறுப்பினர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1965இல் சட்டமாகி, கொலைக் குற்றத்துக்கான தூக்கை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைத்தது. 1969இல் அதை நிரந்தரமாக்கினார்கள். மக்களில் பெரும்பாலோர் அப்போதும் தூக்கை விரும்பினார்கள். தெரிந்தேதான் உறுப்பினர்கள் வாக்களித்தார்கள். 1974இல் பர்மிங்ஹாம் குண்டுவெடிப்பில் 21 பேர் இறந்தபோது தூக்கை மீண்டும் கொண்டுவரச் சொல்லி நாடே கொந்தளித்தது. அவை இணங்கவில்லை. அந்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்ற ஆறு பேரும் நிரபராதிகள் என்று 1991இல் விடுதலையானார்கள். உயிரோடு இருந்ததால் வீடு திரும்பினார்கள்.

கொலையுண்டவர்களின் குடும்பத்துக் கண்ணீரை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. எவன்ஸைத் தூக்கிலிட்டதால் அந்தத் தாய்க்கும் குழந்தைக்கும் நியாயம் கிடைக்கவில்லை. உண்மைக் கொலைகாரனுக்கு மேலும் மூன்று ஆண்டுகள் கிடைத்தன, அதில் நான்கு பெண்கள் மாண்டார்கள். பொய் வாக்குமூலமும், ஏழைக்கு வாய்க்காத நல்ல வழக்கறிஞரும் நம் ஊரில் இல்லாத கதையா?

உங்களில் ஒருவராவது, எந்தக் கட்சியானாலும், தூக்கை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் தனிநபர் மசோதாவை அடுத்த கூட்டத்தொடரிலேயே கொண்டுவர வேண்டும். விவாதத்துக்கு வரும் நாளில், கட்சிக் கொறடாவின் உத்தரவு இல்லாமல், மனசாட்சிப்படி வாக்களிக்க மற்றவர்களை உங்கள் தலைவர்கள் அனுமதிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தமிழ்நாட்டு வாக்காளர் ஒருவர்