ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பிற்குரிய மாணவர்களுக்கும், படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவர்களாகப் பணியாற்றுவோருக்கும் வணக்கம்.

நான் வடசென்னையின் மாநகராட்சி மேல்நிலைப் பள்ளிகளில் விலங்கியல் முதுகலை ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள், தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டை ஒட்டிய ஒரு தெருவில், பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். நீட் தேர்வுக்கான பாடத்தை என்னைப் போன்றவர்கள் எப்படியாவது நடத்திவிடுவோம். விண்ணப்பப் படிவத்தில் தொடங்கிக் கல்லூரி வாசலில் முடிகிற வழி ஒன்று இருக்கிறதே, அதை நடந்து கடந்தவர்கள் நீங்கள். அந்த வழியை எங்கள் பிள்ளைகளுக்கு நேரில் வந்து காட்டும்படி கேட்கவே இம்மடலை எழுதுகிறேன்.

எங்கள் பகுதிப் பெரியவர்கள் உங்கள் மருத்துவமனையை இன்றும் கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்கிறார்கள். 1782-இல் பஞ்சத்தில் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று எங்கள் தெருக்களிலிருந்து நோயாளிகளாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அங்கே வருகிறோம். ஆண்டுக்கு 250 பேர் எம்.பி.பி.எஸ். சேரும் அந்தக் கல்லூரிக்கு எங்கள் தெருக்களிலிருந்து மாணவராகச் செல்பவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

மதிப்பெண் குறைவு இதற்கு ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் மதிப்பெண் இருந்தும் இடம் தவறியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என்னிடம் படித்த ஒரு பெண், ஆறு முதல் எட்டு வரை வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த அரசு உதவி பெறும் பள்ளியிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளியிலும் படித்தவள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டில் தனக்கு இடம் உறுதி என்று நம்பியிருந்தாள். 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் படித்துப் பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை. உதவி பெறும் பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கும் வடசென்னையில், சாலையைக் கடக்காமல் பிள்ளை நடந்து போகலாம் என்பதற்காக ஒரு தாய் ஆறாம் வகுப்பில் எடுத்த முடிவு, ஏழு ஆண்டுகள் கழித்து அந்தப் பெண்ணின் இடத்தை எடுத்துக்கொண்டது. அவளுக்கு வகுப்பாசிரியையாக இருந்த எனக்கே அது முன்னரே தெரிந்திருக்கவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சி இன்றுவரை என்னை விடவில்லை.

சான்றிதழ்களிலும் இதே கதைதான். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் கையில் இருக்கும் சாதிச் சான்றிதழ் அட்டை மாநில இடங்களுக்குப் போதும். மத்திய அரசு நிரப்பும் அகில இந்திய ஒதுக்கீட்டின் 15 விழுக்காடு இடங்களில் 2021 முதல் ஓ.பி.சி. எனப்படும் இதர பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு உரிய பங்கைப் பெற, மத்திய அரசின் படிவத்தில் தனியாக ஒரு சான்றிதழ் வாங்க வேண்டும். இது தெரியாமல் நீட் விண்ணப்பத்திலேயே பொதுப்பிரிவு என்று குறித்துவிடுகிறார்கள். நீட் எழுதிவிட்டால் போதும், மாநிலத் தேர்வுக்குழுவுக்குத் தனியாக விண்ணப்பிக்கத் தேவையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த பையன்களும் உண்டு.

கலந்தாய்வில் கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது வருவது அச்சம். 2020 நவம்பரில் உள் ஒதுக்கீட்டின் முதல் கலந்தாய்வு நம் பக்கத்திலேயே, நேரு உள்விளையாட்டு அரங்கில் நடந்தது. கட்டணத்துக்குப் பயந்து தனியார் கல்லூரி இடத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்த பிள்ளைகள் இருந்தார்கள். அதன் பிறகே கட்டணத்தை அரசு ஏற்கும் என்ற அறிவிப்பு வந்தது. இன்றும் அந்தப் பயம் எங்கள் வீடுகளில் அப்படியே இருக்கிறது. ஆசிரியை சொன்னால் நம்பாத தகப்பன், அதே ஒதுக்கீட்டில் படிக்கும் ஒரு மாணவர் "நான் கட்டணம் கட்டவில்லை ஐயா" என்று சொன்னால் நம்புவார்.

நேர்காணலைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். நம் மாநிலத்தில் மருத்துவச் சேர்க்கைக்கு ஒரு காலத்தில் நேர்காணல் இருந்தது. 1970-இல் உச்ச நீதிமன்றம் பெரியகருப்பன் வழக்கில் அதை ஆராய்ந்தபோது, மொத்தம் 275 மதிப்பெண்ணில் 75 நேர்காணலுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததையும், ஒருவருக்குச் சராசரியாக மூன்று நிமிடமே செலவிடப்பட்டதையும் சுட்டிக்காட்டியது. அந்த முறை திரும்பி வர வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன்; மூன்று நிமிடத்தில் எங்கள் பிள்ளைகளின் சட்டையையும் பேச்சையும்தான் அளக்க முடியும். ஆனால் புனேயில் உள்ள ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் நேர்காணல் இன்றும் இருக்கிறது. நீட் மதிப்பெண் அடிப்படையில் அழைக்கப்படுபவர்கள் ஆங்கிலமும் தருக்கமும் சார்ந்த ஒரு தேர்வை எழுதி, 50 மதிப்பெண்ணுக்கான நேர்காணலில் அமர வேண்டும். 145 இடங்களில் 30 பெண்களுக்கு. அந்தக் கல்லூரியின் பெயரைக்கூட எங்கள் பிள்ளைகளில் பலர் கேட்டதில்லை.

சென்ற ஆண்டு ஒரு மாதிரி நேர்காணல் நடத்திப் பார்த்தேன். "ஏன் மருத்துவராக விரும்புகிறாய்?" என்று ஒரு பையனைக் கேட்டேன். சிறு வயது முதல் ஏழைகளுக்குச் சேவை செய்ய ஆசை என்று மனப்பாடமாக ஒப்பித்தான். அவனுடைய தந்தை மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் சுமப்பவர், சர்க்கரை நோயால் காலில் ஆறாத புண் உள்ளவர் என்பது எனக்குத் தெரியும். அதைப் பற்றிக் கேட்டபோது முதலில் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு பேசத் தொடங்கினான். வாரந்தோறும் தந்தையை உங்கள் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துச் செல்பவன் அவன்தான். காலில் உணர்ச்சி இல்லாததால் ஆணி குத்தியதே தந்தைக்குத் தெரியவில்லை என்பதையும், ஈரத்தில் நின்று வேலை செய்பவருக்குக் கட்டு ஏன் நிற்பதில்லை என்பதையும், காலணியைப் போடுமுன் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் செவிலியர் சொல்லிக்கொடுத்ததையும் பத்து நிமிடம் நிறுத்தாமல் சொன்னான். அவன் வெட்கப்பட்டு மறைத்து வைத்திருந்த விடைதான் அந்தக் கேள்விக்கு உரிய விடை. அதை என்னால் கேட்டு வாங்க முடிந்தது. ஆனால் முன்பின் தெரியாத ஒரு மருத்துவரின் முன் அமர்ந்து, அதையே நிமிர்ந்து, ஆங்கிலத்திலும் சொல்லப் பழக்க என்னால் முடியவில்லை. உங்களால் முடியும்.

ஆகவே ஆண்டுக்கு மூன்று முறை வாருங்கள். நீட் விண்ணப்பம் தொடங்குமுன், டிசம்பரில் ஒரு ஞாயிறு, பிள்ளைகளின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்க்க. முடிவுகள் வந்தபின் ஒரு ஞாயிறு, கல்லூரி விருப்பப் பட்டியல் தயாரிக்க. ஏப்ரலில் ஒரு மாலை, ஐந்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளின் தாய்மார்களிடம் ஆறாம் வகுப்பைப் பற்றிப் பேச. என்னைக் கேட்டால் மூன்றாவதுதான் முதன்மையானது. புனேவுக்கு யாருக்காவது அழைப்பு வந்தால், அந்த ஒரு பிள்ளையுடன் சில மாலைகள் அமர்ந்து பேசுங்கள்.

பேருந்துகூட வேண்டாம், உங்கள் விடுதியிலிருந்து நடந்தே வந்துவிடலாம். வரும்போது உங்களுக்குக் கல்லூரியில் இடம் ஒதுக்கித் தந்த ஆணையின் நகலை மறவாமல் எடுத்து வாருங்கள். அது எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். காட்ட என்னிடம் இல்லை.

அன்புடன்,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை.