டிக்கென்ஸ் – மெக்ரெடி கடித வாசிப்பு: துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கென்ஸும் நடிகர் வில்லியம் மெக்ரெடியும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நண்பர்கள். அவர்கள் எழுதிக்கொண்ட கடிதங்களைத் தமிழில் வாசிக்கப்போகிறோம் என்றதும், 'யார் வருவார்கள்?' என்று கேட்டவர்கள் உண்டு. கூடுதல் நாற்காலி போட வேண்டியிருந்தது. வந்த எல்லோருக்கும் நன்றி.

முதலில் நூலகர் அக்காவுக்கு. டிக்கென்ஸின் கடிதத் தொகுப்பு 12 தடித்த தொகுதிகள். 14,000க்கும் மேற்பட்ட கடிதங்கள். எங்களுக்கு வேண்டியது எந்தத் தொகுதியில் என்று தேடித் தந்து, பூட்டும் நேரம் தாண்டியும் முகம் சுளிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

எங்களுக்கு இருந்த பெரிய சிக்கல், இந்தப் பேச்சில் ஒரு குரல்தான் மிஞ்சியிருக்கிறது என்பது. 1860 செப்டம்பரில் டிக்கென்ஸ் தனக்கு வந்த இருபது ஆண்டுக் கடிதங்களைக் காட்ஸ் ஹில் வீட்டை ஒட்டிய வயலில் போட்டுக் கொளுத்திவிட்டார். பிள்ளைகள் அந்தச் சாம்பலில் வெங்காயம் சுட்டார்களாம்! எரித்த விஷயத்தை 1865இல் மெக்ரெடிக்கே எழுதுகிறார். மெக்ரெடியோ அந்தக் கடிதத்தையும் பத்திரமாக வைத்திருந்தார்.

மெக்ரெடியின் நாட்குறிப்பை வைத்து இடைவெளியை நிரப்பலாம் என்று சொன்ன ஆசிரியர் ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வது? மொழிபெயர்ப்பையும் வரிவரியாகத் திருத்தித் தந்தார். 1840 நவம்பரில் மெக்ரெடி தன் சின்ன மகள் ஜோனைப் பறிகொடுத்தார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, டிக்கென்ஸின் தொடர்கதையில் நெல் (Nell) என்ற சிறுமி சாகப்போகிறாள். அவளைச் சாகவிடாதீர்கள் என்று மெக்ரெடி கேட்டதாகவும், டிக்கென்ஸ் முகம் சிவந்ததாகவும் நாட்குறிப்பில் இருக்கிறது. நெல் பிழைக்கவில்லை. அந்தப் பக்கத்தை வாசித்த நாடகத் தம்பி குரலை உயர்த்தவே இல்லை. அழுகிற மாதிரி வாசித்திருந்தால் கெட்டுப்போயிருக்கும். நன்றி தம்பி.

அப்புறம் 1844 டிசம்பர் கடிதம். புதிதாக எழுதிய கிறிஸ்துமஸ் கதையை டிக்கென்ஸ் வாசிக்க, மெக்ரெடி சோபாவில் உட்கார்ந்து மறைக்காமல் அழுதாராம். மேடையில் ஊரையே அழவைத்தவர்! அதை மனைவிக்கு எழுதும்போது டிக்கென்ஸுக்குப் பெருமை தாங்கவில்லை. அரங்கில் சிரிப்பு எழுந்தது அங்கேதான்.

தேநீரும் சுண்டலும் கொண்டுவந்த தோழியருக்கும் நன்றி. மைக் செட் அண்ணன் வாடகையே வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த முறை கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே, இல்லையென்றால் உங்களைக் கூப்பிட எங்களுக்குக் கூச்சமாக இருக்கும்.

அன்புடன்,
வாசிப்பு வட்டத்தார்