ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு கைகள்

ஈஸ்ட்ஹாம், லண்டன்

அன்புள்ள மாரியப்பா,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. தங்கச்சிக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறாள் என்று படித்ததும் மனசு லேசாகிவிட்டது. இன்னும் இரண்டு மாசமாவது அவளை அடுப்படியில் நிற்க விடாதே. மருமகள் இருக்கிறாள், நீயும் இருக்கிறாய். வெந்நீர் வைக்கவும் சோறு வடிக்கவும் இந்த வயதில் நாம் கற்றுக்கொண்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இங்கே எல்லாரும் சுகம். பேரன் பள்ளிக்கூடம் போகிறான். மகளும் மருமகனும் காலை ஏழரைக்கே கிளம்பிவிடுகிறார்கள். பகல் முழுக்க வீட்டில் நான்தான். புறப்படுவதற்கு முன்னால் மதுரையில் வலது கண்ணுக்குப் புரை எடுத்துக்கொண்டேன் இல்லையா, அது மிகப் பெரிய நன்மையாகிவிட்டது. பத்து வருஷமாக மங்கிக் கிடந்த சன்னக் கோடுகளெல்லாம் மறுபடி தெரிகின்றன. நம் அச்சு பிளாக் பட்டறையில் லென்ஸ் வைத்து புரூஃப் பார்த்த நாட்கள் திரும்பி வந்தது மாதிரி இருக்கிறது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு நான் பார்த்த ஒன்றைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று நாலு நாளாகத் துடித்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே ஞாயிற்றுக்கிழமையில் ஒரு பழைய சாமான் சந்தை கூடுகிறது. ஒரு கடையில் உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால், சட்டம் போட்ட அச்சுப்படம் ஒன்றைச் சாத்தி வைத்திருந்தார்கள். தாளெல்லாம் பழுப்புப் புள்ளி. கறுப்பு உடையில் ஒரு பிரபு தலையைக் கவிழ்த்து மண்டியிட்டிருக்கிறார். சுற்றிலும் காவலர்கள். அவருக்கு மேலே கம்பி போட்ட ஜன்னல். அந்தக் கம்பிகளுக்கு நடுவிலிருந்து இரண்டு கைகள் மட்டும் வெளியே நீண்டு அவரை ஆசீர்வதிக்கின்றன. கைக்குச் சொந்தக்காரர் முகம் தெரியாது. எனக்கு அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. "அந்தப் பிரபு காலத்துப் படம், முந்நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் ஆச்சு" என்றார் கடைக்காரர். அது சரியில்லை என்று கோடுகளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்துவிட்டேன்.

அந்தப் பிரபு ஸ்ட்ராஃபர்ட் கோமகன் தாமஸ் வென்ட்வர்த். முதலாம் சார்லஸ் மன்னருக்கு வலது கை மாதிரி இருந்தவர், அயர்லாந்தை இரும்புக் கையோடு ஆண்டவர். 1641 மார்ச்சில் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் ராஜதுரோக வழக்கு நடந்தது. மனிதர் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தானே எழுந்து நின்று பதில் சொன்னார். வழக்கில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும், எதிராளிகள் அவர் ஒருவரைக் கொல்வதற்கென்றே தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். உயிருக்குச் சேதம் வராது என்று மன்னர் வாக்குக் கொடுத்திருந்தார். வெளியே கூட்டம் கொந்தளித்தது. கடைசியில் ஸ்ட்ராஃபர்டே, அந்த வாக்கிலிருந்து உங்களை விடுவிக்கிறேன் என்று மன்னருக்குக் கடிதம் எழுதினார். மே 10இல் மன்னர் கையெழுத்துப் போட்டார். 12ஆம் தேதி டவர் ஹில்லில் தலை வெட்டப்பட்டது. எட்டு வருஷம் கழித்து அதே மன்னரை வெட்டுமேடைக்குக் கொண்டுபோனபோது, நான் அன்று அனுமதித்த அநியாயத் தீர்ப்புக்குத்தான் இன்று இந்த அநியாயத் தீர்ப்பு என்று சொல்லிவிட்டுச் செத்தார்.

ஜன்னல் கைகள் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குருவான ஆர்ச்பிஷப் லாடுடையவை. ஸ்ட்ராஃபர்டின் நெருங்கிய சிநேகிதர். ஸ்ட்ராஃபர்ட் அடைபட்டிருந்த அதே லண்டன் டவர் கோட்டையில் அவரும் கைதி. கடைசியாக ஒரு தடவை பார்த்துப் பேச வேண்டும் என்று கேட்டதற்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் வெட்டுமேடைக்குப் போகிற வழியில் ஜன்னலுக்குக் கீழே ஸ்ட்ராஃபர்ட் மண்டியிட்டார். லாட் கைகளைத் தூக்கி ஆசீர்வதித்துவிட்டு அப்படியே மயங்கி விழுந்தார். 1645 ஜனவரியில் அவர் தலையும் போயிற்று.

இதை ஓவியமாக வரைந்தவர் பால் டெலரோஷ் என்கிற பிரெஞ்சுக்காரர், 1835இல். சம்பவம் நடந்து கிட்டத்தட்ட இருநூறு வருஷம் கழித்து. ஆனால் என் கையில் இருக்கிறது ஓவியம் இல்லையே. அதைப் பார்த்து யாரோ தகட்டில் செதுக்கிய படம். இந்த வகைப் படங்களில் கீழே இடது மூலையில் வரைந்தவர் பெயர், வலது மூலையில் செதுக்கியவர் பெயர் இருக்கும். ஓவியர் பெயருக்குப் பக்கத்தில் 'பின்க்ஸ்', செதுக்கியவர் பெயருக்குப் பக்கத்தில் 'ஸ்கல்ப்' என்று லத்தீனில் சுருக்கிப் போட்டிருப்பார்கள். வீட்டுக்கு வந்து சட்டத்தைக் கழற்றிப் பார்த்தால், முன்பு வைத்திருந்த யாரோ சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று கீழ் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கியிருக்கிறார்கள். பெயர் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது, மாரியப்பா. வருஷக்கணக்கில் குனிந்து செதுக்கியவன் கடைசியில் தன் பெயரை எழுதிக்கொண்ட ஒரே இடம் அது. அதையா வெட்டுவது?

பிறகு வேறு பிரதிகளோடு ஒப்பிட்டுக் கண்டுபிடித்தேன். ஆன்ரிக்கெல் துப்போன், 1840. பிரான்ஸின் பெரிய செதுக்குகாரர்.

நம் பட்டறை வேலைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உனக்குச் சொன்னால் சட்டென்று புரியும். நாம் துத்தநாகத் தகட்டை ஆசிட்டில் போட்டு, வேண்டாத இடத்தை அரிக்க வைத்து, மேடாக நிற்கிற கோட்டில் இங்க் தடவி அடித்தோம். இது நேர் எதிர். கோடு பள்ளத்தில் இருக்கிறது. தகடு முழுக்க இங்க்கை அப்பி, மேல்பரப்பைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நனைத்த தாளை வைத்து உருளைக்குள் இழுத்தால், பள்ளத்துக்குள் கிடக்கிற இங்க் தாளில் ஏறும். விரலால் தடவினால் கோடு லேசாக மேடு தட்டும். போட்டோவை அச்சாக்கும் ஹாஃப்டோனில் ஸ்கிரீன் போட்டு, படத்தைச் சின்னச் சின்னப் புள்ளியாகப் பிரித்தோமே, அதெல்லாம் கிடையாது. இருட்டு வேண்டுமானால் கோட்டை ஆழமாகவும் நெருக்கமாகவும் வெட்ட வேண்டும். வெளிச்சம் வேண்டுமானால் தாளை வெறுமனே விட வேண்டும். ஒவ்வொரு கோட்டுக்கும் அவன் மனசுதான் ஸ்கிரீன். அதுவும் இடம் வலம் மாற்றிச் செதுக்க வேண்டும்.

அந்தக் கைகளை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விரலின் வளைவோடு கூடவே கோடுகள் வளைகின்றன. முட்டி வருகிற இடத்தில் தடித்து, தாண்டியதும் மயிரிழையாகச் சன்னமாகின்றன. கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்கிற கட்டங்களுக்குள் சின்னச் சின்னப் புள்ளிகள். புறங்கையில் ஒரு சொட்டு இங்க் கிடையாது. அந்த வெள்ளைத் தாள்தான் கிழவருடைய வெளிறிய தோலாக நிற்கிறது. ஓவியன் ஒரே இழுப்பில் வெள்ளையைப் பூசிவிட்டுப் போயிருப்பான். இவன் அதைத் தொடாமல் விடுவதற்காகச் சுற்றிலும் எத்தனை நூறு கோடு வெட்டினானோ!

இதே சாவை, நடந்த அதே வருஷத்தில் ஒருவர் தகட்டில் போட்டிருக்கிறார் என்று தெரிந்ததும் அதையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பிரிட்டிஷ் மியூசியத்தில் அச்சுப்படங்களுக்கென்று தனி அறை இருக்கிறது. முன்கூட்டியே எழுதிக் கேட்டால் யாராக இருந்தாலும் எடுத்துக் காட்டுகிறார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும்தான். மகள் எழுதிப் போட்டு நாள் வாங்கித் தந்தாள்.

செதுக்கியவர் ஹாலர். பிராகில் 1607இல் பிறந்தவர். ஜெர்மனி வழியாகத் தூது போன அருண்டல் கோமகன் 1636இல் இவர் திறமையைப் பார்த்து இங்கிலாந்துக்குக் கூட்டி வந்தார். அந்த அருண்டல்தான் ஸ்ட்ராஃபர்ட் வழக்குக்குத் தலைமை தாங்கியவர். சோறு போட்ட எஜமான் தலைமையில் நடந்த வழக்கையும் ஹாலர் தகட்டில் போட்டிருக்கிறார், அதன் முடிவையும் போட்டிருக்கிறார்.

படம் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பின்னால் டவர், நடுவில் மேடை, மற்றதெல்லாம் ஜனம். அன்றைக்கு ஒரு லட்சம், இரண்டு லட்சம் பேர் கூடினார்கள் என்று அக்காலத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேடைமேல் இருப்பவர்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துப் போட்டு, கீழே விளக்கம் கொடுத்திருக்கிறார்: ஏ, ஆர்ச்பிஷப் அஷர், பி, லண்டன் ஷெரிஃப்கள், சி, ஸ்ட்ராஃபர்ட், டி, அவருடைய உறவினரும் நண்பர்களும். ஒரு தேசத்தையே நடுங்க வைத்த மனிதர் இதில் 'சி'. எறும்பு அளவு. அழுகை இல்லை, ஜன்னல் இல்லை, கை இல்லை. நாம் செய்தித்தாளுக்கு அவசர பிளாக் போடுவோமே, அந்த மாதிரி: யார், எங்கே, எப்படி, அவ்வளவுதான்.

இரண்டில் எது உண்மை என்று திரும்பி வரும்போது ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். வாலிப வயதாக இருந்தால் ஹாலரைத்தான் சொல்லியிருப்பேன். அவர் காலத்திலேயே வாழ்ந்தவர், ஜோடனை கிடையாது. இப்போது என் மனசு ஜன்னல் படத்துக்குத்தான் போகிறது. உயிரோடு திரும்ப மாட்டான் என்று தெரிந்த சிநேகிதனுக்கு, கம்பிக்கு வெளியே கையை மட்டும் நீட்ட முடிகிற நிலை எப்படிப்பட்டது என்று அது சொல்லிவிடுகிறது. போன வருஷம் நம் கோபாலை ஐசியூ கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தோமே. அன்றைக்கு நீ கண்ணாடியில் கையை வைத்தபடி நின்றது எனக்கு மறக்கவில்லை.

டெலரோஷ் வரைந்த இன்னொரு ஓவியத்தை நேஷனல் கேலரியில் போய்ப் பார்த்தேன். ஒன்பது நாள் ராணியாக இருந்து, 1554இல் வெட்டுப்பட்ட ஜேன் கிரே. கண்ணைக் கட்டி, வெட்டுக்கட்டை எங்கே என்று கையால் துழாவுகிறாள் அந்தச் சின்னப் பெண். உண்மையில் அது டவருக்குள் திறந்த வெளியில் நடந்தது. இவர் இருட்டு அறையில் வைத்து வரைந்திருக்கிறார். 1928இல் தேம்ஸ் வெள்ளம் டேட் கேலரிக்குள் புகுந்தபோது அந்த ஓவியம் அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டிவிட்டார்கள். 1973இல்தான் சுருட்டி வைத்த நிலையில் அகப்பட்டது. நடுவிலே நாற்பத்தைந்து வருஷம் அந்தப் பெண்ணின் முகத்தைக் காப்பாற்றி வைத்திருந்தது அச்சுப்படங்கள்தான். மெர்க்குரி என்கிற இத்தாலியர் 1857இல் வெளியிட்ட செதுக்கல் அதில் ஒன்று. ஓவியத்துக்கு முன்னால் அவ்வளவு கூட்டம் நிற்கிறது. மெர்க்குரி பெயரை அங்கே யார் சொல்கிறார்கள்?

ஆனால் ஒரு செதுக்குகாரர் கோர்ட்டில் ஜெயித்த கதையும் உண்டு, அதை உனக்குச் சொல்லாமல் முடியாது. 1778 ஏப்ரலில், முன்னாள் பிரதமர் சாத்தம் பிரபு பிரபுக்கள் சபையில் பேச எழுந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். (நம் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்து பெரிய வைரம் வாங்கிய தாமஸ் பிட்டின் பேரன்தான் இவர்.) காப்ளி என்கிற ஓவியர் அந்தக் காட்சியை ஐம்பதுக்கு மேற்பட்ட பிரபுக்களின் முகச்சாயலோடு வரைந்தார். அன்றைக்கு யாரும் போட்டிருக்காத சிவப்பு அங்கியை எல்லாருக்கும் மாட்டிவிட்டார். செதுக்குகிறவன் பாட்டைப் பார், அந்தச் சிவப்பையெல்லாம் வெறும் கறுப்புக் கோட்டில் கொண்டுவர வேண்டும். பெரிய தகடு பார்டலோஸி என்கிற செதுக்குகாரர் கையில் 1791இல்தான் வெளிவந்தது. அதன் சின்ன அளவுப் பிரதியை டெலாட்ர் என்பவர் செதுக்கினார். சரியில்லை என்று காப்ளி பணம் தர மறுத்தார். 1801இல் டெலாட்ர் வழக்குப் போட்டு ஜெயித்தார். இதைப் படித்ததும் நான் எழுந்து கொஞ்ச நேரம் அறைக்குள் நடந்தேன். நம் மேஸ்திரி ஞாபகம் வந்துவிட்டது. முருகனும் லட்சுமியும் சிரிக்கிற எத்தனை ஆயிரம் காலண்டர் அவர் எடுத்த பிளாக்கிலிருந்து போயிருக்கும்! வரைந்தவர் கையெழுத்து மூலையில் இருக்கும், கடை பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். அவர் பெயர் ஒன்றில்கூட வந்ததில்லை. ஆசிட் பட்டு வெந்த விரல்களோடுதான் போய்ச் சேர்ந்தார்.

சரி, ஒரு உதவி. உன் வீட்டுப் பரணில் மேஸ்திரி கொடுத்த பழைய புரூஃப் தாள்கள் ஒரு கட்டு இருந்ததே, அதைக் கரையான் அரிக்கும் முன்னால் இறக்கி வை. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலால் அவர் பெயரையும், நமக்கு நினைவிருக்கிற வருஷத்தையும் எழுதிவிடுவோம். ஐப்பசி பாதியில் வந்துவிடுவேன். படத்தை அட்டைக் குழாயில் சுருட்டிக் கொண்டுவருகிறேன். நறுக்கிய ஓரத்துக்குக் கீழே ஒரு காகிதப் பட்டை ஒட்டி, ஆன்ரிக்கெல் துப்போன் பெயரை நீதான் எழுத வேண்டும். உன் கையெழுத்துதான் அச்சு மாதிரி இருக்கும்.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்.

உன்,
சங்கரலிங்கம்