சோபியா கட்சிக்கு மாறிவிட்டேன்

அன்புள்ள விசாலம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி பிறந்த பிறகு பதில் எழுதுகிறேன். திட்டுவதைத் திட்டிக்கொள். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பெரியவன் வேலை மாறிவிட்டான், சின்னவளுக்கு இன்னும் எதுவும் அமையவில்லை. குசலம் அவ்வளவுதான்.

போன மாதம் பாஸ்புக்கைத் தேடி இவருடைய பீரோவைக் குடைந்தேன். பழைய பஞ்சாங்கத்துக்கு நடுவே நாலாக மடித்த காகிதம் ஒன்று கிடைத்தது. ஊர் வீட்டையும் தோப்பையும் ஒரு அறக்கட்டளைக்குத் தானமாக எழுதிவைக்க வக்கீல் போட்டுக் கொடுத்த வரைவு. சாட்சிக்கு இரண்டு பேர்கூடப் பிடித்தாகிவிட்டது. அதில் ஒருவர் யார் தெரியுமா? நாம் 'அரைப்படி' என்று பட்டப்பெயர் வைத்தோமே, அந்த ஆள்! என் பெயர்தான் எங்கேயும் இல்லை. கேட்டால், "சொன்னால் சண்டை வருமே என்றுதான்" என்கிறார். சொல்லாமல் விட்டதில் மட்டும் சமாதானம் வழிந்ததாக்கும்.

அன்றைக்குத் தூக்கம் வராமல் உன் டால்ஸ்டாயைத்தான் எடுத்தேன். 'உன்' என்றுதான் சொல்வேன். ஹாஸ்டலில் அவர் படத்தை வெட்டி டிரங்குப் பெட்டி மூடிக்குள் ஒட்டியவள் நீ; தாடியைப் பார்த்துவிட்டு வார்டன் "உங்க தாத்தாவாம்மா?" என்று கேட்டதும், நீ யோசிக்காமல் "ஆமாம் மேடம்" என்றதும் மறந்துபோகுமா? சொத்தை உதறிவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பிய மகான் என்று மணிக்கணக்கில் பேசுவாய். நானும் தலையாட்டினேன். இந்தத் தடவை அவர் வீட்டுக்காரி சோபியாவைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். விசாலம், நான் கட்சி மாறிவிட்டேன்.

1862-இல் கல்யாணம். அவருக்கு 34, சோபியாவுக்கு 18. கல்யாணத்துக்கு முன்பே தன் பழைய நாட்குறிப்புகளை அவள் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்கிறார். சூதாட்டம், பெண்கள், எல்லாம் அதில் இருக்கிறது. மறைக்கக் கூடாது என்பது அவருடைய நேர்மை. படித்துவிட்டு அழுதது அவள். அதையே பிறகு 'அன்னா கரீனினா'வில் லெவினும் கிட்டியும் செய்வதாக எழுதிக்கொண்டார். எழுத்தாளருக்கு எதுவும் வீண் போவதில்லை! அப்புறம் பதின்மூன்று பிள்ளைகள். அதில் ஐந்தைச் சின்ன வயதிலேயே பறிகொடுத்தாள். இதற்கு நடுவில்தான் 'போரும் அமைதியும்' கையெழுத்துப் பிரதியைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தாள். காலையில் அவர் அடித்துத் திருத்தித் தள்ளுவதை ராத்திரி பிள்ளைகள் தூங்கியபின் அவள் சுத்தமாக எழுதிவைப்பாள், மறுநாள் அதையும் அவர் அடிப்பார்.

ஐம்பது வயதுக்கு மேல் அவருக்கு எல்லாம் கசந்துவிட்டது. சொத்து பாவம், புகழ் பாவம். வேஷம் என்று சொல்ல மாட்டேன். 1891 பஞ்சத்தில் ரியாசான் பக்கம் போய் உட்கார்ந்து ஊர் ஊராகக் கஞ்சித்தொட்டி திறந்தவர். அதற்கு நன்கொடை கேட்டுப் பத்திரிகைக்கு எழுதியவள் சோபியா என்பதை மட்டும் நீ ஒருநாளும் சொன்னதில்லை. நம் 'புத்துயிர்ப்பு' நாவல் இருக்கிறதே, அந்த மாஸ்கோ அச்சு கெட்டி அட்டை, அதில் வந்த பணத்தை துகபோர்கள் என்ற, ஆயுதம் எடுக்க மறுத்த கிறிஸ்தவப் பிரிவினர் கனடாவுக்குக் குடிபெயரக் கொடுத்தார். செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டார். கவிஞர் ஃபெத்துக்கு ஒரு ஜோடி பூட்ஸ் தைத்துக் கொடுத்து ஆறு ரூபிள் கூலி வாங்கினார். ஃபெத் அதற்கு நற்சான்றிதழே எழுதிக் கொடுத்தாராம். இந்த இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன், இவர் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டார்.

1881-க்குப் பிறகு எழுதியதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம் என்று 1891-இல் அறிவித்தார். அடுத்த வருஷம் நிலபுலத்தை மனைவி மக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். அதுவரை எல்லாம் வெளிப்படை. 1910 ஜூலையில்தான் வயிற்றெரிச்சல். எண்பத்தோரு வயதுக் கிழவர் குதிரையேறிக் காட்டுக்குப் போய், ஒரு மரக்கட்டை மேல் காகிதத்தை வைத்து ரகசிய உயிலில் கையெழுத்துப் போடுகிறார். பழைய நாவல்கள் உட்பட எல்லா உரிமையும் கடைசி மகள் பெயருக்கு, நிர்வாகம் சீடர் செர்த்கோவ் கையில். படியெடுத்தவளுக்குத் தெரியாது. அதே மாதம் 'எனக்கு மட்டும்' என்று தனி நாட்குறிப்பு ஒன்று தொடங்கிப் பூட்ஸுக்குள் ஒளித்து வைத்தார். அதையும் அவள் கண்டுபிடித்தாள். பூட்ஸ் என்றால் என்ன, பஞ்சாங்கம் என்றால் என்ன?

இதில் என்னை உறுத்துவது நம் குறள். 1908-இல் நம் நாட்டு விடுதலைப் போராட்டக்காரர் தாரக்நாத் தாஸுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் இன்னாசெய்யாமை அதிகாரத்தை எடுத்துப் போட்டிருக்கிறார். "சிறப்பீனும் செல்வம் பெறினும் பிறர்க்குஇன்னா செய்யாமை மாசற்றார் கோள்." நாட்டுக்கெல்லாம் அதைச் சொன்னவருக்குப் 'பிறர்' என்பதில் பெண்டாட்டி சேர்த்தியா இல்லையா? நீதான் பதில் சொல்ல வேண்டும்.

அவர் வீட்டை விட்டுக் கிளம்பிய அந்த ராத்திரியை மட்டும் நாலு தடவை படித்தேன். அவர்கள் நாட்காட்டிப்படி அக்டோபர் 28, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. விழித்துப் பார்க்கிறார், படிப்பறையில் வெளிச்சம், காகிதம் சரசரக்கிற சத்தம். அவள் தேடுகிறாள். மூச்சு முட்டுகிறது, நாடியைப் பிடித்து எண்ணுகிறார்: 97. அவள் தூங்கியதும் கடிதம் எழுதி வைத்துவிட்டு, லாயத்துக்குப் போகிற இருட்டில் மரத்தில் முட்டி விழுந்து தொப்பியைத் தொலைத்து, டாக்டரோடு கிளம்பிவிடுகிறார். பத்து நாளில் அஸ்தபோவோ ரயில் நிலையத்தில், ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக் கட்டிலில் எல்லாம் முடிந்துவிட்டது. குளத்தில் விழுந்து தூக்கியெடுக்கப்பட்ட சோபியா தனி ரயில் பிடித்து வந்து அங்கேயே பெட்டிக்குள் தங்கிக் காத்திருந்தாள். உள்ளே விடவில்லை. சன்னலில் எட்டிப் பார்த்தாள். நினைவு தப்பிய பிறகுதான் பக்கத்தில் விட்டார்கள். நாற்பத்தெட்டு வருஷம், விசாலம்.

எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. நானும் குடைந்தவள்தான். பாஸ்புக் என்று உன்னிடம் எழுதினேன். அது முழு நிஜம் இல்லை. வக்கீல் போன் வந்ததிலிருந்தே சந்தேகம் இருந்தது.

தோப்பைக் கொடுங்கள், வீட்டை விடுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். வாயைத் திறக்கவில்லை. வியாழக்கிழமை பத்திர ஆபீஸுக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம். நேற்று ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பீரோ பக்கமே திரும்பவில்லை. ஆனால் இவர் விழித்துத்தான் கிடந்தார், மூச்சிலேயே தெரிந்தது.

நீ புரட்டாசியில் வருகிறாயா இல்லையா? அந்தப் பெட்டி மூடிப் படம் இன்னும் இருந்தால் எடுத்து வா. தாத்தாவிடம் எனக்குக் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது.

உன்,
ராஜம்