பச்சைக்குள் ஒரு கென்னடி

அன்புள்ள நண்பா,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று உன் தங்கை போனில் சொன்னாள். மனசு லேசானது. கொஞ்ச நாளைக்குத் தூசியில் அலையாதே. நான் மகள் வீட்டுக்கு வந்து இருபது நாள் ஆகிறது.

போன சனிக்கிழமை வாஷிங்டனில் உள்ள தேசிய உருவப்படக் காட்சியகத்துக்குக் கூட்டிப்போனாள். ஜனாதிபதிகளின் கூடத்தில் வரிசையாக இருண்ட கோட்டுகள், நிதானமான முகங்கள். அவற்றுக்கு நடுவே எட்டரை அடி உயரத்தில், பச்சையும் மஞ்சளுமாக, ஜான் கென்னடி! எலைன் டி கூனிங் என்ற ஓவியர் 1963இல் வரைந்த ஆயில் பெயிண்டிங். அதற்கு அப்புறம் வேறு எந்தப் படமும் என் கண்ணில் ஏறவில்லை.

கிட்டே போனால் ஆளே இல்லை, வெறும் பிரஷ் வீச்சுதான். கோட்டு எங்கே முடிகிறது, பின்னால் இருக்கும் வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க முடியாது. ஏழெட்டு அடி பின்னால் வந்தேன். இப்போதே எழுந்து போய்விடுவார் போல உட்கார்ந்திருக்கிறார்.

முன்னாள் ஜனாதிபதி ட்ரூமன் பெயரிலுள்ள நூலகத்துக்காகக் கென்னடியை வரைய, 1962 டிசம்பர் கடைசியில் ஃபுளோரிடாவின் பாம் பீச்சுக்குப் போயிருக்கிறார் எலைன். கென்னடி ஒரு நிமிஷம் அசையாமல் இருக்கவில்லையாம். காகிதம் படிப்பார், போன் பேசுவார், கால் மாற்றிப் போடுவார், நாற்காலியின் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குச் சாய்வார். அந்த அம்மாவும் அவரை நிறுத்தப் பார்க்காமல், ஒவ்வொரு அசைவையும் அவசர அவசரமாகக் கோட்டில் பிடித்திருக்கிறார். பத்திரிகைப் படங்களில் சாம்பலாகத் தெரிந்த மனிதர், அந்த வெயிலில் பொன்னாக மின்னினாராம். அந்தப் பச்சையும் மஞ்சளும் ஃபுளோரிடா வெயில்தான் என்று எனக்குப் படுகிறது.

இன்னொன்றும் தோன்றியது. கென்னடிக்குப் பல வருஷமாகக் கடுமையான முதுகுவலி. ஆபரேஷன்கூடச் செய்துகொண்டவர். அப்படிச் சாய்ந்து சாய்ந்து உட்கார்ந்ததில் சுறுசுறுப்பு பாதி என்றால், வலியும் பாதி இருந்திருக்கும். நாம் பேனருக்காகத் தலைவர்கள் போட்டோவில் கட்டம் போட்டு, ஒரு மயிரிழை பிசகாமல் பெரிதாக்குவோமே, அதில் மூக்கும் முழியும் அப்படியே வரும். வலி வந்ததே இல்லை.

1963 பூராவும் எலைன் அந்த முகத்தையேதான் வரைந்திருக்கிறார். ஸ்டுடியோ முழுக்கக் கென்னடி. நவம்பர் 22 அன்று அவரைச் சுட்டுக் கொன்றதும், ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த அம்மா ஓவியமே வரையவில்லை. அவற்றில் ட்ரூமன் நூலகத்துக்கான படம் 1965இல்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. இதை மகள் சொன்னபோது, திரும்பவும் போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன்.

உனக்காக அதன் அஞ்சலட்டை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அச்சில் அந்தப் பச்சை சரியாக விழவில்லை. பரவாயில்லை, உன் கண் தெளிந்ததும் பார்த்துவிட்டு, அவர் உட்கார்ந்திருக்கும் விதம் உனக்கு எப்படிப் படுகிறது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்