விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய போட்டோக்களைப் பார்த்தேன். 2016 பதிவு, பிஎம்டபிள்யூ 320டி, வெள்ளை, 84,000 கி.மீ., கேட்கிற விலை 12 லட்சம். புதிதாக எடுத்தபோது 40 லட்சத்தை ஒட்டிப் போயிருக்கும். ‘புது மாருதி விலைக்கு பிஎம்டபிள்யூ கிடைக்குதும்மா’ என்று எழுதியிருக்கிறாய். கிடைக்கிறது, பொய்யில்லை. ஆனால் விலை இறங்கியது வண்டிக்கு மட்டும்தான். அதன் பிரேக் டிஸ்க்கும் ஹெட்லைட்டும் இன்றைக்கும் 40 லட்ச ரூபாய் வண்டியின் டிஸ்க்கும் ஹெட்லைட்டும்தான். நீ எத்தனையாவது ஓனர் என்று ஆர்சி-யைப் பார்த்து ஸ்பேர்ஸ் கவுண்டரில் யாரும் விலையைக் குறைப்பதில்லை. அப்பா இதை யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை என்கிறார். தீனிக் கணக்கு தெரிந்து வாங்கினால் யானையும் நல்லதுதான் என்பது என் கட்சி.

முதலில் எஞ்சின் எது என்று தெரிந்துகொள். 320டி-யில் பழையது என்47, அடுத்து வந்தது பி47. 2016 பதிவு என்பதால் இரண்டில் எதுவும் இருக்கலாம். 2015-இல் தயாராகி அடுத்த வருஷம் பதிவான வண்டி நிறைய உண்டு. என்47-இல் டைமிங் செயின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்குகிற சங்கிலி) பிரச்சினை ஊரறிந்தது. பெரும்பாலான வண்டிகளில் செயின் எஞ்சினின் முன்பக்கம் இருக்கும். இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தாலோ, அதை வழிநடத்துகிற கைடு தேய்ந்தாலோ, காலையில் ஆறின எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் டாஷ்போர்டுப் பக்கத்திலிருந்து தகரத்தை உரசுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். செயின், கைடு, டென்ஷனர் எல்லாம் சேர்ந்த கிட் ஒன்றும் பெரிய விலை இல்லை. அதை மாட்டக் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். பில் லட்சத்தைத் தாண்டுவது அங்கேதான். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். பி47-இலும் செயின் பின்பக்கம்தான், ஆனால் தொல்லை வெகுவாகக் குறைந்தது. அதனால் வண்டி பார்க்கப் போகும்போது, ‘நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போ. பானெட்டைத் தொட்டுப் பார், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடு.

எஞ்சின் ஆயிலுக்கு வருவோம். 5 லிட்டரும் கொஞ்சமும் பிடிக்கும், 5டபிள்யூ-30 கிரேடு. கிரேடு சரியாக இருந்தால் மட்டும் போதாது. டப்பாவின் பின்பக்கம் பிஎம்டபிள்யூவின் ‘லாங்லைஃப்-04’ அப்ரூவல் அச்சிட்டிருக்க வேண்டும். ‘இதுவும் ஐரோப்பிய வண்டி ஆயில்தான் மேடம்’ என்று பெரிய ட்ரம்மிலிருந்து ஊற்ற வந்தால் வேண்டாம் என்று சொல். ஃபில்டர் மூடி பிளாஸ்டிக். அதன்மேலேயே 25 என்.எம். (நியூட்டன் மீட்டர்) என்று இறுக்க அளவு போட்டிருக்கும். அளவு பார்த்து இறுக்குகிற டார்க் ரெஞ்ச் எடுக்காமல் கை பலத்தில் முறுக்குகிறவன் அடுத்த சர்வீஸுக்குள் அதில் விரிசல் விடவைப்பான். ஃபில்டருடன் வருகிற ஓ-ரிங் ரப்பர் வளையத்தையும், ஆயிலை வடிக்கிற போல்ட்டின் வாஷரையும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும். வண்டியின் திரை இன்னும் எத்தனையோ ஆயிரம் கி.மீ. இருக்கிறது என்று காட்டும், அதை நம்பிக் காத்திருக்காதே. ஓஎம்ஆர் சிக்னல்களில் நின்று நின்று போகிற வண்டியில் கிலோமீட்டர் ஏறாது, எஞ்சின் ஓடின மணி நேரம் ஏறும். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று.

கியர்பாக்ஸ் ஆயில் ‘லைஃப்டைம்’, மாற்றவே வேண்டாம் என்று உனக்குச் சொல்வார்கள். யாருடைய லைஃப் என்று கேள். இது இசட்எஃப் கம்பெனியின் 8 கியர் பெட்டி. அதைச் செய்த இசட்எஃப்பே 80,000-லிருந்து 1,20,000 கி.மீ.க்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. நீ பார்க்கிற வண்டி சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. முன் ஓனர் மாற்றியிருக்க வாய்ப்பு குறைவு, பில் இருந்தால் காட்டச் சொல். அடியில் இருக்கிற ஆயில் பேன் என்கிற தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு ஒட்டியே வரும், அதனால் பேனையே மாற்ற வேண்டும். வேலை தெரிந்தவனா என்பதைக் கடைசிப் படியில் கண்டுபிடிக்கலாம். புது ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, ஸ்கேனரில் ஆயில் வெப்பம் 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது, ஃபில்லர் துளை வழியே ஆயில் மெல்ல வழிகிறதா என்று பார்த்துத்தான் மூட வேண்டும். நம் ஊர் வெயிலில் அந்த 50 சீக்கிரம் வந்துவிடும், ஆகவே காலையில் முதல் வேலையாகச் செய்யச் சொல். வெப்பம் பார்க்காமல் ‘பழசு எவ்வளவு வந்ததோ அவ்வளவு ஊற்றிட்டோம்’ என்றால், ஏற்கெனவே லீக்கில் குறைந்திருந்த பெட்டி குறைந்தபடியேதான் இருக்கும். இதற்கு 40,000-லிருந்து 60,000 ஒதுக்கி வை. வண்டியின் விலையில் இதைக் குறைக்கச் சொல்லிப் பேசு.

பிரேக்கில் பேட் தேய்ந்தால் திரை சொல்லும். சென்சார் முன் இடது சக்கரத்தில் ஒன்று, பின் வலது சக்கரத்தில் ஒன்று. எச்சரிக்கை வந்துவிட்டால் சென்சார் ஒயரும் தேய்ந்துவிட்டது, அதையும் வாங்க வேண்டும். வருமுன்பே பேட் மாற்றினால் அந்தக் காசு மிச்சம். டிஸ்க்கை லேத்தில் கொடுத்துச் சீவித் தருகிறேன் என்பார்கள். டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும், அளந்து பார்த்துவிட்டுப் பேசு. பிரேக் ஆயில் டாட் 4, ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷம்தான். காற்றிலிருக்கிற ஈரத்தை அது குடிக்கும், சென்னைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமா?

டயர் ரன்-ஃப்ளாட். பஞ்சரானாலும் 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம்வரை போகலாம்.  ஒரு டயர் 20,000 ரூபாயைச் சுற்றி வரும். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் பார்: 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை நான் விலையில் சேர்க்க மாட்டேன்.

ஓட்டிப் பார்க்கும்போது 80-இல் போய் மிதமாக பிரேக் பிடி. ஸ்டீயரிங் நடுங்கினால் எல்லோரும் டிஸ்க்தான் கோணல் என்பார்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கிற ஆர்மில் எண்ணெய் நிரப்பிய ரப்பர் புஷ் ஒன்று இருக்கிறது, அது கிழிந்தாலும் இதே நடுக்கம்தான். லிஃப்டில் ஏற்றி டார்ச் அடித்தால் புஷ்ஷைச் சுற்றி எண்ணெய்க் கறை தெரியும். இதற்கு லெம்ஃபோர்டர் பிராண்டு பெட்டியில் வருவதை வாங்கலாம். கம்பெனிக்கே சப்ளை செய்கிறவர்கள்தான். பிஎம்டபிள்யூ முத்திரை இல்லாததால் விலை நன்றாக இறங்கும். ஃபில்டருக்கு மான், மாலே பிராண்டுகள்; ஷாக் அப்சார்பருக்கு சாக்ஸ் பிராண்டு. உதிரிபாகக் கடைகள் இருக்கிற ஜி.பி. ரோட்டில் இவை கிடைக்கும், இதே பெட்டிகளில் டூப்ளிகேட்டும் கிடைக்கும், ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்காதே. புதுப்பேட்டைப் பழைய சாமானில் கதவுக் கைப்பிடி, கண்ணாடி மூடி, சீட் பிளாஸ்டிக் இவற்றோடு நிறுத்திக்கொள். ஏர்பேக், பிரேக், ஸ்டீயரிங் சம்பந்தப்பட்டது ஒன்றும் அங்கிருந்து வேண்டாம்.

பேட்டரி ஏஜிஎம் வகை, டிக்கியில் இருக்கும். புதிது போட்டால் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பழைய, நலிந்த பேட்டரி என்றே நினைத்து வண்டி சார்ஜ் ஏற்றும். புது பேட்டரி சீக்கிரம் வெந்துவிடும். வீட்டு வாசலில் வந்து மாற்றித் தருகிறவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே ஆள் தெரிந்துவிடும். கூலன்ட்டைக் காய்ச்சி வடித்த தண்ணீரில் பாதிக்குப் பாதி கலக்க வேண்டும், போர் தண்ணீர் ஒரு டம்ளர்கூட வேண்டாம். குழாய் முனைகளும் டாங்கும் பிளாஸ்டிக். சூட்டில் வறண்டு விரிசல் விடும். இந்த வண்டியில் கூலன்ட் வெப்பம் காட்டும் முள் கிடையாது. சிவப்பு எச்சரிக்கை வந்த இடத்திலேயே நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடு. ‘இதோ இன்னும் ரெண்டு கிலோமீட்டர்’ என்று ஓட்டுவதுதான் எஞ்சின் ஹெட்டை வளைக்கும்.

இனி தண்ணீர். சென்னையில் பழைய லக்சரி வண்டி வாங்கும்போது 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் வெள்ளத்தையும் மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழு. அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பார். சீட் ரெயில் போல்ட்டில் துரு, கார்பெட்டுக்கு அடியில் வண்டல், அளவுக்கு மீறிய வாசனைத் திரவியம், மூன்றில் ஒன்று இருந்தாலும் விட்டுவிடு. வெள்ளத்தில் நின்ற வண்டியின் எலக்ட்ரானிக்ஸ் ஒரே நாளில் போகாது, ஒயர் கனெக்டர் பச்சை பூத்து ஒவ்வொன்றாகப் போகும்.

நீ வாங்கிய பிறகு வருகிற தண்ணீர் பெரும்பாலும் மேலிருந்துதான். சன்ரூஃபின் நான்கு மூலையிலும் வடிகால் குழாய் உண்டு. நம் தெரு வேப்பமரத்தடியில் நிறுத்தினால் சித்திரையில் வேப்பம்பூ உதிர்ந்து அதை அடைக்கும். ஐப்பசி மழையில் தண்ணீர் வண்டியின் தூணுக்குள் இறங்கி கார்பெட்டை நனைக்கும். புரட்டாசியிலேயே மூலைகளைத் துடைத்து, அரை டம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கீழே சொட்டுகிறதா என்று பார். கம்பியோ, கம்ப்ரஸர் காற்றோ விடாதே, உள்ளே குழாய் கழன்றுவிடும். கணேசபுரம் மாதிரிச் சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் முன்னால் பஸ் போகிறதே என்று பின்னால் போகாதே. காற்றை இழுக்கிற இன்டேக் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் பிஸ்டனால் அதை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடவே கூடாது. மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரி மேம்பாலத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அவர்களைப் பார்த்து நீ சிரித்திருக்கிறாய். இந்த வண்டி வந்தால் நீயும் அங்கேதான் நிற்பாய்.

சாதாரண இன்ஷூரன்ஸ் தண்ணீர் புகுந்து போன எஞ்சினுக்குப் பணம் தராது. ‘எஞ்சின் ப்ரொடெக்ட்’ தனியாக எடுக்க வேண்டும், இந்த வயசு வண்டிக்குத் தருவார்களா என்று வாங்கும் முன்பே கேள். தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷனும் இத்தனை வயசுக்குக் கிடைப்பது கஷ்டம். கிடைக்காவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களில் பாதி உன் கையிலிருந்து போகும். ஹெட்லைட் ஒரு பக்கம் மட்டுமே லட்சத்தைத் தொடும், கணக்குப் போட்டுக்கொள். விற்கிறவருடைய நோ க்ளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், உனக்கு வராது. பாலிசியைப் பதினான்கு நாளுக்குள் உன் பெயருக்கு மாற்றச் சொல்லி விண்ணப்பித்துவிடு.

எங்கே விடுவது என்று கேட்டிருந்தாய். சாவி, சாஃப்ட்வேர், ரீகால் வேலைகளுக்குக் கம்பெனி. ஆயில், பிரேக், சஸ்பென்ஷனுக்கு வெளி ஒர்க்‌ஷாப் போதும், ஆனால் பிஎம்டபிள்யூவுக்கான ஸ்கேனர் வைத்திருக்க வேண்டும். எஸ்டிமேட்டில் பார்ட் நம்பர் இல்லாமல் ‘சஸ்பென்ஷன் கிட்’ என்று ஒரு வரி இருந்தால் கையெழுத்துப் போடாதே. கழற்றின பழைய சாமானை டிக்கியில் வைக்கச் சொல்.

பணக் கணக்கு: இன்ஷூரன்ஸும் டீசலும் போக வருஷத்துக்கு ஒன்றரை லட்சம். முதல் வருஷத்துக்கு அதற்கு மேல் இன்னொரு 2 லட்சம், தொடாமல் பேங்கில் கிடக்கட்டும். 12 லட்சத்தையும் லோனில் எடுத்துவிட்டு இந்த 2 லட்சம் கையில் இல்லையென்றால், இந்த வண்டி இப்போது வேண்டாம்.

முன்பணம் கொடுக்கும் முன் ஸ்கேன் போட்டு, மீட்டரில் இருக்கிற கிலோமீட்டரும் மற்ற கம்ப்யூட்டர்களில் பதிவான கிலோமீட்டரும் ஒத்துப்போகிறதா பார்க்கச் சொல். முன்கண்ணாடிக்குக் கீழே சேசிஸ் எண் தெரியும். அதன் கடைசி ஏழு எழுத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பு. எஞ்சின் என்47-ஆ, பி47-ஆ, எந்த மாதம் தயாரானது, எந்த பிரேக் டிஸ்க் அளவு எல்லாம் அதிலேயே தெரியும். திங்கட்கிழமை ஸ்பேர்ஸ் கடை திறந்ததும் பார்த்து, டிஸ்க், ஆர்ம், கியர்பாக்ஸ் பேன் மூன்றுக்கும் விலை போட்டு அனுப்புகிறேன். அதுவரை அவரிடம் விலை பேசாதே.

அன்புடன்,
அம்மா