பிடித்து அடைத்தால் கிருமி அடங்குமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கோலாலம்பூரின் சௌகிட் வட்டாரத்தில் பாலியல் தொழில் செய்யும் பெண்களைப் பிடித்து அடைத்துவிட்டால் எச்ஐவி பரவுவது நின்றுவிடும் என்று சென்ற ஞாயிறு வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அந்தப் பக்கத்துக் கிளினிக் ஒன்றில் 11 ஆண்டுகள் தாதியாக இருந்தவள் நான். அவர் கடிதத்தில் பெண்களைத் தேடி வரும் ஆண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கிருமி வானத்திலிருந்தா விழுந்தது?

என்னிடம் வந்துபோன ஓர் அக்காளுக்கு நாற்பது வயதுக்கு மேல். கைப்பையைத் திறந்தால் சீப்பு, அடையாள அட்டை, தைலப் புட்டி எல்லாம் இருக்கும், ஆணுறை இருக்காது. நாங்கள் இலவசமாகக் கொடுத்தது எங்கே என்று கேட்டேன். "வீட்டில் பால்மாவு டின்னுக்குள் இருக்கிறது, மிஸ்ஸி. பையில் வைத்திருந்தால் போலீஸ் சோதனையில் அதுதானே சாட்சி?" என்றார். ஆணுறை வைத்திருப்பது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால் பயத்துக்குச் சட்டப்பிரிவு தேவையில்லையே.

உறை வேண்டாம், இரட்டிப்புப் பணம் தருகிறேன் என்று பேரம் பேசுகிறவர்கள் உண்டு. வீட்டு வாடகை பாக்கி இருக்கும் மாதத்தில் அதை மறுப்பது எளிதல்ல. அதைவிட ஆபத்தானவன், கூடவே வாழ்கிறவன். அவனிடம் உறையை நீட்டினால், "என்னையும் அவர்களோடு சேர்த்துவிட்டாயா?" என்று கோபித்துக்கொள்வானாம். அவன் போதை ஊசி போட்டுக்கொள்கிறவனாக இருந்தால் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பாடைட்டிஸ் சி கிருமியும் வீட்டுக்குள் வந்துவிடக்கூடும்.

தெரியாமல் செய்வதும் உண்டு. உறையின்மேல் தேங்காய் எண்ணெய் தடவினால் ரப்பர் நைந்து கிழியும். எண்ணெய் சேராமல் நீரை அடிப்படையாகக் கொண்ட வழவழப்புக் களிம்புதான் ஏற்றது. வெற்றிலைச் சாறு சேர்த்த கழுவுநீரால் பெண்ணுறுப்பின் உட்புறத்தைத் திரும்பத் திரும்பக் கழுவுவார்கள். சுத்தம் என்று நினைத்துச் செய்வது, அங்கே காவலுக்கு இருக்கும் நல்ல நுண்ணுயிர்களை அழித்துவிடுகிறது. பிறப்புறுப்பில் புண் உண்டாக்கும் ஹெர்பிஸ் கிருமி இருந்தால் எச்ஐவி தொற்றும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. வெளியில் புண் தெரியாதபோதும் ஹெர்பிஸ் உடம்பில் இருக்கும்.

நம் நாட்டில் கைக்குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி 1989இல் வந்தது. பள்ளியில் 13 வயதுப் பெண்களுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான தடுப்பூசி 2010இல் வந்தது. அந்த அக்காள் இரண்டுக்கும் முந்திப் பிறந்தவர். கிளினிக்கோ ஐந்து மணிக்கு மூடிவிடும். இரவெல்லாம் விழித்திருப்பவர்கள் எழுந்து, குளித்து, பஸ் பிடித்து வருவதற்குள் கதவு சாத்தியிருக்கும். வாரத்தில் இரண்டு நாளாவது இரவு ஒன்பது மணி வரை திறந்து வைக்கலாம்.

ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசியை ஆறு மாதத்தில் மூன்று முறை போட வேண்டும். அந்த அக்காள் இரண்டு முறை தவறாமல் வந்தார். மூன்றாவது ஊசிக்குரிய வாரத்தில் அவர் தெருவில் சோதனை நடந்தது. அதன்பிறகு அவர் வரவேயில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாதி,
செந்தூல், கோலாலம்பூர்